ஓதத் தெரிந்த மொழி

"நானா, நீங்க நம்ம காலேஜ்ல வரலாறு படிச்சவங்க. பிள்ளைகளுக்கு அரபு பேசவும் சொல்லிக் குடுத்திருக்கீங்க. ரெண்டையும் சேத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. நான் படித்த நாளில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், "பானிப்பட்டுப் போரை எல்லாரும் எழுதிட்டான், உங்க தெருவை எவன் எழுதுவான்?" என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார். தேர்வில் பானிப்பட்டுத்தான் வந்தது, அதையே எழுதித் தேறினேன். தெருவை எழுதும் வாய்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் வகுப்பு வந்த கதை புரியாது.

1981-ல் தம்மாமில் இறங்கிய மூன்றாம் நாள், ஒரு கம்பெனி அலுவலகத்தில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். முழுக்க அரபு. நான் ஒன்பது வயதில் குர்ஆன் ஓதி முடித்தவன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தார்கள். அந்தப் பெருமை மனசுக்குள் இருந்ததால், தாளை எடுத்துச் சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினேன். ஜபர், ஜேர், பேஷ் எதுவும் போடாத எழுத்து. தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்த எகிப்துக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு மளமளவென்று ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சிரித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

நான் வாசித்த வரிகளில் ஒன்றில் 'ராத்திப்' என்று இருந்தது. நம் ஊரில் ராத்திபு என்றால் வியாழக்கிழமை ராத்திரி பள்ளிவாசலில் உட்கார்ந்து ஓதுவது. அரபு நாட்டில் அது மாதச் சம்பளம். இன்னொரு வரியில் 'ஆமில்' என்று இருந்தது. கூலியாள் என்று பொருள். ஊரில் என்னைக் கிளார்க் வேலைக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கூலியாள், என் சம்பளம் இவ்வளவுதான் என்பதை நானே என் வாயால், நல்ல ராகத்தோடு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் சம்பளம் வந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனி பெயரோ, அனுப்பியவர் பெயரோ இங்கே வேண்டாம். எழுத்து தெரிந்தவன் எப்படி ஏமாந்தான் என்பதுதான் என்னை வெகுநாள் குடைந்தது.

இந்தக் கரைக்கு அரபு நேற்று வந்ததல்ல. சோழ மண்டலக் கரையையும் பாண்டிய நாட்டுக் கரையையும் அரபிகள் 'மஅபர்' என்று அழைத்தார்கள். கடந்து போகும் துறை என்று பொருள். பாண்டியர்களுக்குக் குதிரை கொண்டுவந்து விற்றவர்கள் அவர்கள். 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இந்த மஅபருக்கு வந்து, மதுரை சுல்தானின் விருந்தாளியாகத் தங்கி, பார்த்ததை எழுதி வைத்தார். கடல் வழியாக வந்த இந்த உறவு ஒன்று. வடக்கேயிருந்து தரை வழியாக, மொகலாயர், நவாப்புகளின் பாரசீகக் கச்சேரி மொழியில் கலந்து வந்த அரபு இன்னொன்று. இரண்டு வழியும் நம் வாயில் இன்றைக்கும் தனித்தனியாகவே இருக்கின்றன. அதைக் காட்ட ஒரே ஓர் எழுத்து போதும்.

அரபில் 'ளாத்' என்று ஓர் எழுத்து உண்டு. பாரசீகக்காரர்களும் உருதுக்காரர்களும் அதை 'ஜ' போல உச்சரிப்பார்கள். அந்த வழியாக வந்த சொற்கள் ஆஜர், ஜப்தி, ஜில்லா, காஜி. எல்லாம் கோர்ட்டும் கச்சேரியும் தந்தவை. கடல் வழியாக வந்தவற்றில் அதே எழுத்து 'ள' ஆகிவிட்டது. ஒளு, பர்ளு, பள்ளிவாசல் ஹவுளு எல்லாம் அப்படித்தான். ஒரே மாதத்தை ஒருவர் ரம்ஜான் என்றும் இன்னொருவர் ரமளான் என்றும் சொல்வதற்குக் காரணம் இதுவே. முதலாவது தரை வழி, இரண்டாவது தண்ணீர் வழி.

நம் 'ள'வைக் கேட்டு இன்றைய அரபிகள் சிரிப்பார்கள். தம்மாமில் காய்ச்சல் வந்து டாக்டரிடம் "அனா மரீள்" என்றேன், நான் நோயாளி என்று. அவர் மூன்று தடவை "என்ன? என்ன?" என்று கேட்டார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் அரபு இலக்கணம் எழுதிய சீபவைஹி, இந்த எழுத்து நாக்கின் பக்கவாட்டிலிருந்து பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். நம் ள, ல எல்லாம் அப்படிப் பிறப்பவைதாமே! காஜி என்று நாம் சொல்லும் அதே சொல் ஸ்பெயின் நாட்டில் நுழைந்தபோது 'அல்கால்தே' ஆயிற்று. அங்கே மேயருக்கு அதுதான் பெயர். அதிலும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய அரபிகளின் வாயில் இருந்த ஒலியைத்தான் நம் முன்னோர் காதால் கேட்டுப் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அரபிகள் மாறிவிட்டார்கள், நாம் மாறவில்லை. டாக்டரிடம் இதைச் சொல்லவா முடியும்?

ஆக, ஒரு காலத்தில் இந்தக் கரையில் அரபு காதுக்கும் வாய்க்கும் உரிய மொழியாக இருந்திருக்கிறது. பிறகு அது ஓதும் மொழியாக நின்றுவிட்டது. ஓதப்பள்ளியில் ஹஜரத் சொல்லித் தந்தது பிழையில்லாமல் ஓத. அந்த வேலையை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள், பேசச் சொல்லித் தருவதாக அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. லால்பேட்டை, நீடூர், வேலூர் பாக்கியாத் போன்ற மதரஸாக்களில் ஏழெட்டு வருஷம் ஓதி வந்த ஆலிம்கள் இலக்கணத்தில் புலிகள். அரபில் கவிதை கட்டுவார்கள். ஆனால் கிதாபைத் திறந்து, சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் சொல்லிப் போவதுதான் அங்கே பாடமுறை. "தண்ணி குடு, தாகமா இருக்கு" என்று அரபில் கேட்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் வரவில்லை.

எழுத்தை மட்டும் நம்மவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அதுதான் அரபுத் தமிழ், 'அர்வி' என்றும் சொல்வார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இந்த எழுத்தில் எழுதிய நூல்கள் வீடுதோறும் இருந்தன. எங்கள் உம்மாவின் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனால் சைகோனிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதங்களை அவரே வாசிப்பார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கடிதங்கள் அவை. தபால்காரரும் வாசிக்க முடியாது, அண்டை வீட்டுக்காரரும் வாசிக்க முடியாது. புருஷன் பெண்டாட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான தபால் உண்டா?

சைகோன் என்றதும் பிரெஞ்சுக்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது. காரைக்கால் 1739-ல் அவர்கள் கைக்குப் போனது, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அவர்கள் 1859-ல் சைகோனைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுக் குடிகள் என்ற முறையில் நம் ஊர்க்காரர்கள் கப்பலேறினார்கள். துணிக்கடை, வட்டித்தொழில், அரசாங்க வேலை, சொல்தா வேலை என்று பல. 1935-ல் சைகோன் நடுவில் எழுந்த பெரிய பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. அங்கே போன எங்கள் பாட்டனார் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். பிரெஞ்சும் பேசுவார், அன்னமியர் மொழியும் பேசுவார். இலக்கணம் தெரியாது, பேரம் தெரியும். அதே மனிதர் அரபை அழகாக ஓதுவார், அரபு எழுத்தில் கடிதம் எழுதுவார், அரபில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. காரணம் எளிது. பிரெஞ்சுக்காரன் தெருவிலும் கச்சேரியிலும் எதிரே நின்றான். அரபி ஒருவனும் நிற்கவில்லை.

அண்டை நாடான இலங்கையில் ஓர் அரபி வந்து நின்றதுண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்துத் தளபதி அராபி பாஷாவை 1883-ல் கொழும்புக்கு நாடு கடத்தினார்கள், 1901 வரை அந்தத் தீவில் இருந்தார். சித்திலெப்பையோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காக அவர் பாடுபட்டதில்தான் 1892-ல் பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரி பிறந்தது. நம் சகோதர ஊரான மாஹேயைச் சுற்றியுள்ள கேரளத்தில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளிகளிலேயே அரபு ஒரு பாடம். அதன் ஆசிரியர் நியமனத்தில் அரசாங்கம் கைவைத்தது என்று 1980 ஜூலை 30-ல் மலப்புறத்தில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். ஒரு பள்ளிப் பாடத்துக்காக உயிர் போயிருக்கிறது. நம் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பில் அரபை முதற்பாடமாக எடுக்க வழி இருந்தது. எடுத்தவர்கள் எழுதியது எழுத்துத் தேர்வுதான்.

1973-ல் இரண்டு காரியம் நடந்தது. எண்ணெய் விலை ஏறியது. டிசம்பர் 18-ஆம் தேதி அரபு ஐக்கிய நாடுகள் சபையின் அலுவல் மொழியாயிற்று. முதலாவதுதான் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. சைகோன் இருந்த இடத்தில் சவூதியும் துபாயும் குவைத்தும் வந்து உட்கார்ந்தன. 1983-ல் குடிபெயர்வோர் சட்டம் வந்த பின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை முக்கியமாகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு இ.சி.என்.ஆர்., அதாவது தனி அனுமதி தேவையில்லை. தேறாதவன் அனுமதிக்கு அலைய வேண்டும். நம் ஊரில் எத்தனையோ பையன்கள் பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் நின்றதற்கு அந்த நாலு எழுத்து ஒரு காரணம். அதே காரணத்தால், சொல்லிக் கொடுப்பதானால் அந்த வயதுக்குள் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆள் ஊரில் இருக்க மாட்டான்.

போனவர்கள் அங்கே ஒரு மொழி பேசினார்கள், அரபு என்று நினைத்துக்கொண்டு. "மாஃபி மாலூம்" என்றால் தெரியாது. "சுகுல் மாஃபி", வேலை இல்லை. "ஃபுலூஸ் மாஃபி", காசு இல்லை. நேரே போ என்பதற்கு இந்திக்காரனின் "ஸீதா"வே அரபாகிவிட்டது. மொழியியலார் இதற்கு வளைகுடாக் கலப்பு அரபு என்று பெயர் வைத்து ஆராய்கிறார்கள். நானும் பேசினேன், தப்பில்லை. கடைவீதிக்குப் போதும். கையெழுத்துப் போடும் மேசைக்குப் போதாது. வளைகுடா நாடுகள் பலவற்றில் ஒப்பந்தத்தின் அரபுப் பிரதிதான் சட்டப்படி செல்லும். பக்கத்திலேயே ஆங்கிலம் அச்சிட்டிருந்தாலும், இரண்டும் முரண்பட்டால் அரபு சொன்னதே முடிவு.

ஊர் திரும்பிய பின், 1997 கோடை விடுமுறையில் பாரதியார் சாலைக்குப் பின்னால் ஒரு மாடிக் கூடத்தில் வகுப்பு தொடங்கினேன். ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கும் பிள்ளைகள். சாயங்காலம் ஒரு மணி நேரம். முதல் வாரமே சண்டை, எந்த அரபு என்று. வாப்பா குவைத்தில் இருக்கிற பையன் "ஷ்லோனக்"னு சொல்லிக் குடுங்க சார் என்றான். எப்படி இருக்கிறாய் என்பதற்கு அங்கே அப்படி. சவூதிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு "கேஃப் ஹாலக்". எகிப்துக்காரரிடம் வேலை செய்தவர் மகனுக்கு "இஸ்ஸய்யக்". நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எலும்புக்கூடு எழுத்து அரபாக இருக்கட்டும், ஏனென்றால் காகிதம் அதில்தான் வரும். மேல் தோல் அவரவர் போகிற நாட்டில் வளர்ந்துகொள்ளும்.

கையில் வைத்துக்கொண்ட புத்தகம் டாக்டர் வி. அப்துர் ரஹீமின் மூன்று பாகங்கள். உலகம் முழுக்க அரபு படிக்கிறவர்கள் 'மதீனாப் புத்தகம்' என்று சொல்வது இதைத்தான். ஆசிரியர் நம் வாணியம்பாடியில் 1933-ல் பிறந்தவர், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு அல்லாத மாணவர்களுக்கு அரபு கற்பித்தவர், 2023-ல் மதீனாவில் காலமானார். அந்த நூலில் மொழிபெயர்ப்பே கிடையாது. படத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வாங்கிப் போவது. அரபிகளுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அரபியல்லாத பிள்ளையின் திண்டாட்டம் தெரிந்து எழுத ஒரு வடாற்காட்டுக்காரர் வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

வகுப்பில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து சைக்கிளில் ஓர் இந்துப் பையன் வருவான். அவன் அப்பா துபாயில் எலக்ட்ரீஷியன். அலிஃப், பேயிலிருந்து ஆரம்பித்தவன். மற்றவர்கள் குடுகுடுவென்று வாசித்துப் போகிற பக்கத்தை அவன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்பான். ஐந்தாறு மாதத்தில் அவன்தான் வகுப்பில் முதலில் பேசினான். எங்கள் பிள்ளைகள் பக்கம் முடியும்வரை நிற்காமல் ஓடுவார்கள். மூச்சு எங்கே விட வேண்டும் என்று தெரியும். அர்த்தம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. தம்மாமில் நான் செய்ததும் அதையேதான் என்று அந்தப் பையனைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பாடத்தை மாற்றினேன். புதுச் சொல் தருவதைக் குறைத்து, தெரிந்த சொல்லைத் திறந்து காட்ட ஆரம்பித்தேன். அரபுச் சொல் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கும். கிதாபு தெரியுமா? தெரியும். அதே வேரில்தான் காத்திப், எழுதுகிறவர், கிளார்க். மக்தூப், எழுதப்பட்டது. நாம் மக்தபு என்று சொல்லும் ஓதப்பள்ளி அங்கே ஆபீஸ். அமல் தெரியுமா? "நல்ல அமல் செய்யணும்" என்று ஹஜரத் சொல்வார், "சட்டம் அமலுக்கு வந்தது" என்று பேப்பரில் போடுவான். அதே வேரில்தான் ஆமில், வேலை செய்கிறவன். வருகைப் பதிவில் "உள்ளேன்" என்பதற்குப் பதில் "ஹாளிர்" என்று சொல்லச் சொன்னேன். கோர்ட்டில் கேட்ட ஆஜர்தான் என்று சொன்னதும் ஒரே கூச்சல். எண்ணில் இன்னும் வேடிக்கை. நாம் சைபர் என்பதே அரபுச் சொல்தான், 'ஸிஃப்ர்'. ஆனால் அரபிகள் எழுதும்போது சைபருக்கு வெறும் புள்ளி வைப்பார்கள். வட்டம் போட்டால் அது ஐந்து. சம்பளம் 500 என்பது நம் கண்ணுக்கு ஒரு சைபரும் இரண்டு புள்ளியுமாகத்தான் தெரியும்.

தெருவிலிருந்த பெரியவர் ஒருவருக்கு, ஓதிப் பார்க்கும் மொழியில் "ஃபுலூஸ், ஃபுலூஸ்" என்று பிள்ளைகள் கத்துவது பிடிக்கவில்லை. அல்லாஹ்வின் வேதமொழியைச் சந்தை மொழியாக்குகிறாயே என்று வருத்தப்பட்டார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஒருநாள் 'அல்யவ்ம்', இன்று, என்ற சொல்லைப் பாடத்தில் நடத்தினேன். மறுநாள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து, "சார், அல்ஹம்து சூராவுல யவ்ம் இருக்கு! நாள்தானே? தினம் பதினேழு தடவை ஓதுறேன் சார், இத்தனை நாளா தெரியலை" என்றான். பெரியவரிடம் அவனையே அனுப்பினேன். என்ன பேசினார்களோ, அதற்குப் பிறகு அவர் பேரனும் வகுப்புக்கு வந்தான்.

இப்போது அந்த மாடி இல்லை, வகுப்பும் 2012-ல் நின்றுபோயிற்று. செல்பேசியைத் தாளின் மேல் காட்டினால் மொழிபெயர்த்துத் தருகிறது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அதன் மொழிப் பட்டியலில் அரபும் உண்டு. நம் கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி, தங்கைகள் யாராவது ஒரு மாடி பிடித்தால் என் நோட்டுப் புத்தகங்களைத் தரத் தயார்.

ஒரு நாளை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 2004 என்று ஞாபகம். பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்பிள்ளை, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தாளோடு வந்தாள். அவர் மறுபடி சபர் போகிறார், ஒப்பந்தம் ஒரு வருஷம்தான் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். முந்தின வாரம் நான் இருமை நடத்தியிருந்தேன். தமிழில் ஒருமை, பன்மை இரண்டுதான். அரபில் இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு. ஸனா என்றால் வருஷம், ஸனத்தான் என்றால் இரண்டு வருஷம். பக்கத்தில் எண் போட வேண்டிய அவசியமே இல்லை.

"சார், தாள் முழுக்கத் தேடிட்டேன், ரெண்டுன்னு எங்கயும் எழுதலை. ஆனா இந்த இடத்துல ஸனத்தான்னு இருக்கு. சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். சரிதான் என்றேன். அவள் வாப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்த ஆபீஸுக்கு நீயும் வாம்மா" என்று மகளிடம் சொன்னார்.